எந்தக் கொசு என்று கேட்டார்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும், வேலையில் கற்றுக்கொண்டதை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கற்றுக்கொண்டது என்று எழுதப் போனால், குழம்பி நின்ற நேரங்கள்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. சரி, அதையே எழுதிவிடுகிறேன். கொசுவை எப்படிப் பிடிப்பது, எப்படி அறுப்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். காய்ச்சல் என்று வருகிறவர்களின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போனது. பணியின் கடைசி வருடங்களில்தான் இந்தப் பறவை மலேரியா ஆராய்ச்சிக்கு என்னை அனுப்பினார்கள். பறவைக்கு மலேரியா வருமா என்று நானே கேட்டேன். வரும். அந்தக் கிருமி வேறு, மனிதர்களுக்கு ஒட்டாது. ஆனால் அதையும் கொசுதான் சுமக்கிறது. எந்தக் கொசு என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த கேள்வி.

முதல் நாளே அவமானப்பட்டேன். ஒரு நாட்டுக்கோழியின் ரத்தத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மனித ரத்தத்தில் சிவப்பணு என்றால் வெறும் தட்டு மாதிரி, உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்குள் ஊதாவாக எது தெரிந்தாலும் சந்தேகப்படு என்று பழகிய கண் என்னுடையது. கோழி ரத்தத்தில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஊதாவாக ஒரு உருண்டை இருந்தது. இத்தனை கிருமியோடு இந்தக் கோழி எப்படி நடமாடியது என்று மலைத்துப்போய், ‘மிகக் கடுமையான தொற்று’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

எங்களோடு ஒரு ஆராய்ச்சிப் பெண் இருந்தாள். ஓசூருக்கு அந்தப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். என் மகள் வயதுதான். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வாள். அவள் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பறவையின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, அந்த ஊதா உருண்டை அதுதான் என்று மெதுவாகச் சொன்னாள். அது எனக்குத் தெரியாததா? படிப்பில் வந்ததுதான். மூளைக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பதிவை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அதோடு என் தப்புக் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகிற வழியில் ஒரு ஊர். அதன் பெயர் வேண்டாம். அங்கே ஆரோக்கியமேரி என்று ஒரு பெண். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். இவள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாட்டுக்கோழி வளர்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஐப்பசி மழை பிடித்த பிறகு அவளுடைய கோழிகள் சாக ஆரம்பித்தன. கொண்டை வெளுத்துப்போகும், இறக்கை தொங்கும், பச்சையாகக் கழியும், மூலையில் போய் உட்கார்ந்ததும் அவ்வளவுதான். வெள்ளைக்கழிச்சல் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தாள். கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார். இந்த முறை என் கண் சரியாகப் பார்த்தது. உட்கருவுக்குப் பக்கத்தில், இன்னொன்று. மலேரியாதான்.

நாங்கள் அந்த ஊருக்குப் போனோம். ஊரை ஒட்டி ஒரு ஏரி. பாதி ஏரிக்கு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. உள்ளே தண்ணீருக்கு நடுவில் கருவேல மரங்கள். அந்த மரங்களில்தான் வெள்ளைக்கொக்கும் உண்ணிக்கொக்கும் கூடு கட்டியிருந்தன. மழைக்காலத்தில் அங்கே போனால் குஞ்சுகளின் சத்தம் காதை அடைக்கும், எச்ச நாற்றம் மூக்கை அடைக்கும். பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். காட்டுப் பறவை இருக்கிறது, ஏரி இருக்கிறது, கொசு இருக்கிறது, பக்கத்தில் சாகிற கோழி இருக்கிறது. கதை தானாகவே கூடி வந்துவிட்டது. இப்போது யோசித்தால் அங்கேதான் பயந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் விளக்குப் பொறி வைத்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் குழாயால் உறிஞ்சியும் பிடித்தோம். அதிகமாகக் கிடைத்தது ஆகாயத்தாமரை வேரில் ஒட்டி வளர்கிற கொசு. இறக்கையில் மாவு தூவியது போல இருக்கும். நான்தான் அவற்றை எடுத்து முழுசு முழுசாகக் குழாயில் போட்டு, மரபணு பார்க்கிற லேபுக்கு அனுப்பினேன். முழுசாக என்று எழுதியிருக்கிறேனே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு போனில்தான் முதலில் வந்தது. அப்போது நான் மேரி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்று காலையில் மட்டும் அவளுக்கு ஏழு கோழி செத்திருந்தது. அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்றும் அதில் சேர்த்தி. முட்டைமேலேயே தலை சாய்ந்து கிடந்தது. மேரி அழவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஆட்கள். ஊரின் வார்டு உறுப்பினர் மாதேஷும் இருந்தார். ஏரிக்குப் பக்கத்தில் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிறவர். அவர் வீட்டிலும் கோழி விழ ஆரம்பித்திருந்தது.

ஏரிக்கொசுவில் கிருமியின் மரபணு இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். நான் போனை வைக்கவும் மாதேஷ் கேட்டார்.

“என்னாங்க, தெரிஞ்சுதுங்களா? எந்தக் கொசுங்க?”

நான் அப்போதே, இன்னும் உறுதியாகவில்லை, பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேரி முட்டையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பத்து நாளாக அவள் வீட்டுக்கு வந்து போகிறோம், டீ குடிக்கிறோம், செத்த கோழிகளின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போகிறோம். கொடுத்தது ஒன்றுமில்லை. அவளுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான்.

ஏரியில் ஆகாயத்தாமரை வேரில் வளர்கிற கொசு என்று தோன்றுகிறது, கொக்கிடமிருந்து எடுத்துக் கோழிக்குக் கொடுக்கிறது போலிருக்கிறது என்று சொன்னேன். தோன்றுகிறது, போலிருக்கிறது என்ற இரண்டு வார்த்தையையும் நான் சொன்னேன் என்பது சத்தியம். ஆனால் அந்த இரண்டும் வாசலைத் தாண்டவில்லை. ஊருக்குள் போய்ச் சேர்ந்தது கொக்கும் ஏரியும் மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலையில் மேரி போன் செய்தாள். ‘அக்கா, கொஞ்சம் வாங்க’ என்று மட்டும் சொன்னாள். கோழி சம்பந்தமாகத்தான் என்று நினைத்து, பஸ் ஏறிப் போனேன்.

ஏரியில் கரைப்பக்கம் இருந்த கருவேல மரங்களின் கிளைகளையெல்லாம் கழித்துவிட்டிருந்தார்கள். ஏழெட்டு மரம் இருக்கும். கூடுகள் தண்ணீரில் மிதந்தன. பறக்கத் தெரியாத குஞ்சுகள் சேற்றிலும் ஆகாயத்தாமரை மேலும் கிடந்தன, சில அசைந்தன, பல அசையவில்லை. மேலே தாய்க்கொக்குகள் உட்கார இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மேரி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கோழிக்கூடையில் குஞ்சுகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெட்டும்போது தானும் வேண்டாமென்று சொல்லவில்லை என்றாள். கோழி பிழைத்தால் போதும் என்று வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். சத்தம் கேட்டுத்தான் வந்தாளாம். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இருவரும் சேர்ந்து பொறுக்கினோம்.

அன்று மதியம் லேபுக்குத் திரும்பியபோது என் புடவையில் சேறும் கொக்கு எச்சமும். ஆராய்ச்சிப் பெண் ஏனென்று கேட்டாள். சொன்னேன். அவள், “சொல்ப இருங்க அக்கா” என்றாள். கொஞ்சம் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். நான் எழுதி வைத்திருந்த பதிவேட்டை எடுத்துவந்து விரித்தாள்.

“கிருமி இருக்குன்னு வந்த கொசு எல்லாம் ரத்தம் குடிச்சதா, குடிக்காததா?”

பார்த்தோம். கிருமி இருப்பதாக வந்த அத்தனை குழாய்களுக்கும் நேரே, என் கையெழுத்திலேயே, ‘வயிறு நிரம்பியது’ என்று இருந்தது.

அவள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கொக்குக்குக் கிருமி இருந்தால், கொக்கின் ரத்தத்தைக் குடித்த எந்தக் கொசுவின் வயிற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். அட்டை குடித்தாலும் இருக்கும். அது வயிற்றிலேயே செரித்துச் செத்துப்போகலாம். அடுத்த பறவைக்குப் போக வேண்டுமென்றால், கிருமி கொசுவின் உடம்புக்குள் வளர்ந்து, எச்சில் சுரப்பி வரைக்கும் வந்து சேர வேண்டும். அதனால்தான் தலையையும் நெஞ்சையும் தனியாக, வயிற்றைத் தனியாக வைக்க வேண்டும். நான் முழுக்கொசுவைப் போட்டேன். நான் கண்டுபிடித்தது கொசு எதைக் குடித்தது என்பதை. ஊரில் சொன்னது கொசு எதைக் கொடுக்கிறது என்பதை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைவிட முப்பது வயது சின்னவள் ஒரு கேள்வியில் காட்டியதை நான் பத்து நாளில் பார்க்கவில்லை. இன்றைக்கும் யாராவது என்னை, உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். அன்று அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ‘திரும்பப் போய்ப் பிடிக்கலாம்’ என்றாள்.

திரும்பப் போனோம். இந்த முறை வயிறு காலியாக இருந்த ஏரிக்கொசுக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாகத் தலையை இழுத்து, அதோடு வருகிற எச்சில் சுரப்பியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நாள் முழுக்கப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஒன்றிலும் ஒன்றுமில்லை. அதற்குள் லேபிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. ஏரிக்கொசு குடித்த கொக்கு ரத்தத்தில் இருக்கிற கிருமி வேறு வகை, மேரியின் கோழிகளில் இருக்கிற கிருமி வேறு வகை. ஆக, ஏரிக்கொசுவும் இல்லை, கொக்கும் இல்லை. இரண்டு பழியும் பொய்.

அப்படியானால் எது? இங்கேதான் எனக்கு உண்மையான குழப்பம் தொடங்கியது.

ஆராய்ச்சிப் பெண் இன்னொன்றும் கேட்டாள். நாம் பிடித்ததெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு, அதுவும் ஏரிக்கரையில். கோழி பகலெல்லாம் எங்கே இருக்கிறது? மேரி வீட்டுப் பின்பக்கம், முருங்கை நிழலில். அங்கே காலை ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டேன். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட கொசு. டெங்கு பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவோமே, அந்த இனம். கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பகலிலேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. பழைய லாரி டயரை இரண்டாக அறுத்து, அதில் தண்ணீர் ஊற்றிக் கோழிகளுக்கு வைத்திருந்தாள் மேரி. டயரின் மடிப்பில் தேங்கியிருந்த தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

அங்கே பிடித்ததை நான்கு நாள் அறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு கொசுவின் சுரப்பியை லேசாக அமுக்கியதும், மெல்லிய நூல் துணுக்குகள் போல, இரண்டு முனையும் கூர்மையாக, வெளியே வந்து பரவின. முதலில் என் கண்ணை நான் நம்பவில்லை. முதல் நாள் ஊதா உருண்டையைப் பார்த்து ஏமாந்த கண்தானே இது. அவளைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்தாள். மரபணுவும் பார்த்தார்கள். கோழியில் இருந்த அதே வகை.

ஆனால் ஒரு கொசு. ஒன்றே ஒன்று. அதன் பிறகு எத்தனையோ அறுத்தோம், வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஒரு கொசுவை வைத்துக்கொண்டு இதுதான் பரப்புகிறது என்று சொல்லலாமா? நாங்கள் இதுவரை தொட்டே பார்க்காத வேறொரு கொசு நிஜமான காரணமாக இருந்தால்? ஏற்கெனவே ஒரு பதில் சொல்லி மரத்தை வெட்ட வைத்தாயிற்று. இப்போது இந்தப் பதிலைச் சொன்னால் ஊர் எங்கே திரும்பும்? மேரி வீட்டு டயருக்குத்தான். ஊர்க்கோழியெல்லாம் செத்தது இவள் வைத்த தண்ணீரால் என்பார்கள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்த கதையாக, கொக்கை முடித்துவிட்டு அவளை முடிப்பார்கள் என்று பயந்தேன். எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தின் தலைவரிடம் கேட்டேன். அவர் நல்லவர். முழுதாக உறுதியாகும்வரை வெளியே எதுவும் பேச வேண்டாம் என்றார். விதிப்படி அது சரியான பதில். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மேரி போனில் சொன்னாள், வருகிற திங்கட்கிழமை மீதி மரங்களையும் வெட்டிவிட்டு, ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிக்கப் போகிறார்களாம். ஊர் மாடுகளெல்லாம் அந்த ஏரியில்தான் தண்ணீர் குடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு முன்னால் பேசி முடிவெடுக்கிறார்கள் என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதாகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் முன்னால் சொன்னது இன்னும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அதை நான்தான் போய் நிறுத்த வேண்டும். திட்டத் தலைவருக்குப் போன் செய்து, புதிதாக எதையும் சொல்ல மாட்டேன், பழையது தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர், உங்கள் பொறுப்பு என்றார்.

ஞாயிறு மாலை ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மேரியும் பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். மாதேஷ் எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசிவிடுவேன் என்று பயம்.

“நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க. கொக்கும் காரணமில்ல, ஏரியில இருக்கிற கொசுவும் காரணமில்ல. நான் சரியாப் பார்க்காம சொல்லிட்டேன்” என்றேன்.

மாதேஷ் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

“அப்ப எந்தக் கொசுங்க?”

“உறுதியாத் தெரியலைங்க.”

“தெரியாதவங்க அன்னைக்கு எதுக்குங்க சொன்னீங்க? நாந்தான் மரம் வெட்டக் கத்தி எடுத்து முன்னால போனவன். வெட்டின பொறவு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. நீங்க சொன்னதாலதான்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப அதையும் எடுத்துட்டீங்க.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. ஒருத்தி முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்க முடியாமல் சொன்னேன் என்றா சொல்வது? இதோடு கிளம்பிவிடலாம் என்று நினைத்தபோது மேரி கேட்டாள்.

“எங்க வூட்டுப் பின்னால அஞ்சு நாளு ஸ்டூல் போட்டு உக்காந்து கொசு புடிச்சீங்களேக்கா. அத என்னா பண்ணீங்க?”

புதிதாக எதையும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சொன்னால் அவளுக்கே ஆபத்து. பொய் சொன்னால், இத்தனை பேர் முன்னால் தப்பு என்று ஒப்புக்கொண்டதற்கே அர்த்தமில்லை. என்ன செய்வதென்று அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பின்னால் சேர்த்துக்கொண்டதாக இருக்கும். வாய் தானாகத் திறந்தது.

அத்தனை கொசுவை அறுத்ததில் ஒன்றே ஒன்றில் மட்டும் கிருமி இருந்தது என்றேன். வெள்ளை வரி போட்ட கொசு, தேங்கின நல்ல தண்ணீரில் வளர்வது. ஒன்றை வைத்து எதையும் முடிவு சொல்ல முடியாது, நான் ஒருமுறை அப்படிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது என்றேன்.

மேரி சட்டென்று புரிந்துகொண்டாள்.

“நான் கோழிக்கு வச்ச தண்ணியாக்கா?”

“அதுலருந்து வந்துச்சுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரமில்ல மேரி. அந்தக் கொசு இந்த ஊர்ல எல்லா வூட்லயும் இருக்கு. தொட்டியில, டயர்ல, கொட்டாங்குச்சியில. உங்க வூட்ல மட்டும்தான் நான் உக்காந்து பார்த்தேன். மாதேஷ் வூட்ல உக்காந்திருந்தா அங்கயும் கிடைச்சிருக்கும்.”

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மாதேஷ் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் ஒன்று செய்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. தன் வீட்டில் மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்திலும் இரண்டு டயர் கிடக்கிறது, மழைத்தண்ணீர் நிற்கிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு, நாளைக்கு மருந்து அடிக்க வேண்டாம், மரத்தையும் தொட வேண்டாம் என்றார். கூட்டம் கலைந்தது. எனக்குப் போட்ட நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் யாரும் கூட வரவில்லை, மேரி மட்டும் வந்தாள். பஸ் வெளிச்சம் தெரிந்ததும்தான் சொன்னாள்.

“அன்னைக்கே தெரியலன்னு சொல்லியிருந்தா எனக்கு உங்க மேல கோவம் வந்திருக்கும்க்கா. ஆனா மரம் இருந்திருக்கும்.”

அவள் கூடையில் பொறுக்கி வந்த குஞ்சுகளில் நான்கு பிழைத்தன. பொடிமீனைப் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் கூடையை நிமிர்த்தியதும் ஏரிப்பக்கம் போய்விட்டன என்று சொன்னாள். ஊரில் டயரையும் தொட்டியையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துக் காயவைத்தார்கள். மேரி பழைய கொசுவலையைக் கோழிக்கூண்டுக்குக் கட்டினாள். சாவு குறைந்து, பிறகு நின்றது.

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு திருப்தி வரும். எனக்கும் வந்தது. ஆராய்ச்சிப் பெண்தான், கவிழ்க்காத வீடுகளையும் போய்ப் பாருங்கள் என்றாள். போனேன். தெருக்கோடியில் இரண்டு வீட்டில் எதையும் கவிழ்க்கவில்லை, வலையும் கட்டவில்லை. அங்கேயும் சாவு நின்றிருந்தது. மழை விட்டதால் நின்றதா, சாக வேண்டியவை செத்து, தாங்குகிற கோழி மட்டும் மிஞ்சியதால் நின்றதா, நாங்கள் செய்ததால் நின்றதா? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அறிக்கையில் அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். சந்தைக்குச் சேவல் கொண்டுபோகிறவராம். கோழி விழுகிறது, கொண்டை வெளுக்கிறது, எந்தக் கொசு என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். தெரியாது, நாளைக் காலை வந்து பார்க்கிறேன் என்றேன். இத்தனை வருடம் வேலை செய்துவிட்டுத் தெரியாது என்கிறீர்களே என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் போனேன். வாசலிலேயே நிறுத்தினார். முந்தின நாளே வேறு ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், அந்த மருந்தை வாங்கி அடித்தாயிற்று என்றார். உள்ளே மருந்து நெடி. எந்த மருந்து, எந்தக் கொசுவுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகியிருக்கும். தெரியாது என்று சொல்கிறவருக்கு ஊரில் நாற்காலி கிடையாது. அதை நீங்கள் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

மருந்து படாத வேலிப்பக்கம் மட்டும் கொஞ்சம் கொசு பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்து பிடித்தேன். ஒவ்வொன்றையும் தலை தனியாக, வயிறு தனியாகப் பிரித்து, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்தேன். அவற்றைப் பார்ப்பதற்குள் என் பணிக்காலம் முடிந்துவிட்டது.

நேற்று உங்களுக்குக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களே, பச்சை மூடி போட்ட குழாய்கள், அவைதான். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் போகலாம். எதுவாக இருந்தாலும் மூன்று பேரும் மூன்று முறை பாருங்கள். பார்த்து முடித்ததும், அறிக்கை எழுதுவதற்கு முன்னால், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சேவல்காரரின் நம்பர் எழுதியிருக்கிறேன், அவருக்குப் போன் செய்யுங்கள். எடுக்க மாட்டார். மறுபடியும் செய்யுங்கள்.